சவுக்குத் தோப்பில் ஒரு செவ்வகம்

போன மாதம், முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது பேச வேண்டுமாம். போனேன். எனக்கு முன்னால் பேசிய இளைஞர் ஒரு புதிய மென்பொருளைப் போட்டுக் காட்டினார். செயற்கைக்கோள் படத்தை உள்ளே கொடுத்தால் வீட்டுக் கூரைகளை அதுவே கண்டுபிடித்து வரைந்துவிடுகிறது. நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை அது டீ ஆறுவதற்குள் முடித்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் அவர், “தெளிவா இல்லாத உருவத்தையெல்லாம் இதுவே தூக்கிடும் மேடம். நாம உக்காந்து கிளீன் பண்ண வேண்டியதே இல்ல” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. பேசலாம் என்று தயார் செய்துகொண்டு போனதை விட்டுவிட்டு மரக்காணத்தில் நடந்ததைச் சொன்னேன். அங்கே நேரமில்லாமல் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என் ஊர் கீழ்புத்துப்பட்டுப் பக்கம். ஐ.டி.ஐ.யில் படவரைவாளர் படிப்பு. புதுச்சேரியில் இருந்த அந்த வரைபட அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது வேலை என்றால் மை பேனா, டிரேசிங் தாள், பிளேடு. தவறாக விழுந்த கோட்டைத் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டி எடுக்கப் பழகவே வெகுநாள் ஆனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இது நமக்கு ஆகாது என்று பலர் வேறு பிரிவுக்குப் போனார்கள். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டேன். பழகிய காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் மேலதிகாரி தணிகாசலம் சாரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் படத்தைத் திரையில் பார்க்க மாட்டார். “திரையில பாத்தா எல்லாமே சரியாத்தான் தெரியும்” என்பார். அச்சடித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் விரிக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். படத்தின் ஓரத்தில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று போட்டிருக்கும் விளக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிடுவார். விளக்கத்தைப் படிக்காமலே படம் புரிய வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு ஆள்காட்டி விரல் ஒவ்வொரு கோட்டின் மேலும் மெதுவாக ஊரும். எங்காவது நிற்கும். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒரே கேள்விதான்.

“ஏம்மா மேரி, இது நீ பாத்ததா, நெனச்சதா?”

நினைத்தது என்று ஒப்புக்கொண்டால் அந்த இடத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு கேள்விக்குறி போடுவார். யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அந்தப் படம் அலுவலகத்தைவிட்டு வெளியே போகாது. அவசரம் என்று யார் போன் செய்தாலும் போகாது.

2004ஆம் வருடம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தால் கடற்கரைப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். காலில் செருப்பில்லை, சிலர் உடம்பில் சட்டையில்லை. “கடல் உள்ள வருது, கடல் உள்ள வருது” என்று ஒருவர் கத்திக்கொண்டே போனார். கடல் எப்படி உள்ளே வரும் என்று விளங்காமல் நடுத் தெருவில் நின்றேன். சுனாமி என்ற சொல்லை அன்று மாலை டி.வி.யில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சில நாட்களில் மரக்காணம் கடலோரப் பகுதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. தண்ணீர் எதுவரை வந்தது, எங்கெங்கே வீடுகள் இருந்தன, எவை போயின என்று படம் வேண்டும். எந்தக் குடும்பத்தின் வீடு போனதோ அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீடு. அதனால் படத்தில் கூரை இருந்தால்தான் ஆளுக்கு வீடு என்ற நிலை. இரண்டு செயற்கைக்கோள் படங்கள் கொடுத்தார்கள். ஒன்று அந்த வருடம் வைகாசியில் எடுத்தது. இன்னொன்று தண்ணீர் வந்து போன பிறகு எடுத்தது.

முதல் வேலை, இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருத்துவது. இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களாகப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் முக்கு, ஒரு பாலத்தின் முனை, குளக்கரையின் மூலை, உப்பளப் பாத்திகள் சந்திக்கும் இடம் என்று மேற்குப் பக்கம் நிறையக் கிடைத்தன. கிழக்கே போகப் போகக் குறைந்துகொண்டே வந்தன. கடலோரத்தில், மாறாத இடம் என்று சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை. நடந்தது என்ன என்பது எனக்கு முதலில் உறைத்தது அந்த இடத்தில்தான்.

பொருத்திய பிறகு, மேலே இருக்கும் படத்தை ஒரு கிளிக்கில் மறைக்கலாம், மறு கிளிக்கில் கொண்டுவரலாம். பொருத்தம் சரிதானா என்று பார்ப்பதற்காக அழுத்தினேன். ஒரு குப்பம். கூரைகள், சந்துகள், மணலில் வரிசையாக ஏற்றி வைத்த படகுகள். கிளிக். வெறும் மணல். கிளிக். கூரைகள். கிளிக். மணல். பக்கத்து இருக்கையில் ஏதோ பேசிக்கொண்டிருந்த, என்னோடு வேலை பார்த்த பாஸ்கர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. விரல் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை அழுத்தினால் இரண்டு படத்திலும் கூரை இருந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. யாரோ என் கைமேல் கை வைத்தார்கள். தணிகாசலம் சார். திரையைப் பார்க்காத மனிதர் அன்று என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“போதும்மா” என்றார். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

அதன் பிறகு வைகாசிப் படத்திலிருந்து ஒவ்வொரு கூரையாகச் சுற்றி வரைந்தோம். மூலைக்கு மூலை கிளிக் செய்து, தொடங்கிய இடத்தில் கோட்டை முடித்தால் ஒரு வீடு. கண் எரியும், வரையும்போது இது யார் வீடோ என்று மனம் ஓடும். மனதை இழுத்து மூலையில் வைக்க வேண்டும்.

குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. படத்தில் அது கரும்பச்சையாக, சொரசொரப்பாகத் தெரியும். அதன் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு செவ்வகம். கூரைக்கு அந்த நிறம் கிடையாது. படகுக்கு அந்த அகலம் கிடையாது. சுற்றிலும் வீடும் இல்லை. இரண்டாவது படத்தில் அந்தச் செவ்வகமும் இல்லை, தோப்பில் பாதியும் இல்லை.

“தார்பாய் எதுனா காயப்போட்டிருப்பாங்க மேடம். வீடே இல்லாத இடத்துல அது எதுக்கு? விட்டுடுங்க” என்றார் பாஸ்கர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் வரைந்து அச்சடித்துக் கொண்டுபோனேன். சாரின் விரல் அங்கே போய் நின்றது.

“இது?”

“தார்பாயா இருக்கலாம்னு நெனச்சோம் சார்.”

கேள்விக்குறி விழுந்தது.

இப்படிச் சரிபார்க்க ஊருக்குப் போனால் வழக்கமாக மேசைமேல் படத்தை விரித்து ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். நாலைந்து ஆண்கள் சுற்றி நின்றால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். இந்தத் தடவை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சார் சொன்னார். கட்சிக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் பேனர் அடிக்கும் கடையில் கொடுத்து, ஒரு கூடத்தின் தரை முழுக்க வருகிற அளவுக்குப் பிளக்ஸில் படத்தை அடித்தோம். கூரைகளைக் கறுப்புக் கோட்டில் போட்டு, அடியில் வைகாசிப் படத்தை வெளிறிய நிறத்தில் விட்டிருந்தேன். தண்ணீர் வந்த இடமெல்லாம் இளநீலம். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். தரையில் அதைப் பார்க்கவில்லை. நிஜக் கடல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் படத்தின் கடலும் வரும்படி, குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடக் கூடத்தில் விரித்தோம்.

யாரும் சொல்லாமலே குப்பத்து ஜனங்கள் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். முதலில் ஓரமாக நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் காலெடுத்து வைத்தார். “கோயிலு இங்க இருக்குது பாரு. அப்ப இது நம்ம சந்து.” அவ்வளவுதான், கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நான் கவனித்த ஒன்றை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஒருவர்கூடக் கூரையை மிதிக்கவில்லை. பிளக்ஸில் சந்து இருந்த இடமாகப் பார்த்து, வளைந்து வளைந்து நடந்து தங்கள் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அங்கே நின்றார்கள். சிலர் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு படகுக்காரர் என்னிடம் வந்தார். இளநீலத்தை விரலால் காட்டினார்.

“இன்னாமா கலர் இது?”

“தண்ணி வந்த இடம்ங்க.”

“எந்தத் தண்ணிமா நீலமா வந்துச்சி? கறுப்பா வந்துச்சி. சேறும் டீசலுமா, அவ்ளோ உயரத்துக்கு எழுந்து வந்துச்சி. நீ கொளம் மாதிரி போட்டு வச்சிருக்க!”

சார் முன்னால் வந்து, “மாத்திடறோங்க. நீங்க சொல்ற கலரே போட்டுடறோம்” என்றார். அந்தப் படம் கடைசியில் கரும்பழுப்பில்தான் வெளிவந்தது. மேலிடத்தில் ஏன் இப்படி அழுக்கு நிறம் என்று கேட்டபோதும் சார் மாற்றவில்லை.

வாசற்படியருகே ஒரு அம்மா உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். நடு வயது, ஒடிசலான உடம்பு, பாதமெல்லாம் உப்பு தின்று வெடித்திருந்தது.

“நீங்க வரலீங்களாம்மா? உங்க வீடு எங்க இருக்குதுன்னு பாருங்க” என்றேன்.

“என் வூடு இதுல இருக்காதுங்க.”

குப்பத்துக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். “அது உப்பளத்து ஆளும்மா, செங்கேணின்னு பேரு. எங்க குப்பத்துக் கணக்குல வராது.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அப்படித்தான் சொன்னார்.

“எங்க இருந்தாலும் பரவால்ல, வாங்க” என்று சார் கூப்பிட்டார். செங்கேணி புடவையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாகவே நடந்து உப்பளப் பக்கம் போனார். பாத்திகளை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. அங்கிருந்து வரப்பு வழியாக ஒவ்வொரு அடியாக வைத்துத் தோப்புக்கு வந்தார். சார் கேள்விக்குறி போட்ட அந்தச் செவ்வகத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

“இது இன்னாங்க, செவப்பா?”

“தெரியலம்மா. அதைத்தான் நாங்களும் கேக்க வந்தோம்” என்றேன்.

குனிந்து பார்த்தார். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையை அந்தச் செவ்வகத்தின்மேல் வைத்து மூடினார்.

“இது என் பொண்ணு கல்யாணப் பந்தல்மா. வைகாசில கல்யாணம். மரக்காணத்துலேர்ந்து சாமியானா எடுத்தாந்து போட்டோம்.”

பாஸ்கர் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

“பொண்ணு எங்கம்மா இருக்குது இப்ப?” என்று சார் கேட்டார்.

“அன்னிக்கு எங்க வூட்லதான் இருந்திச்சி. ஒடம்பு முடியலன்னு ரெண்டு நாள் தங்கிட்டுப் போக வந்திச்சி. நான் ரோட்டாண்ட தண்ணி புடிக்கப் போயிருந்தேன்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “போட்டோ எல்லாம் தண்ணில பூடுச்சி. இத யாரு எடுத்தது?”

“சாட்டிலைட்டும்மா. ஆகாசத்துலேர்ந்து எடுக்கறது.”

“எங்களுக்குச் சொல்லாமலா?”

“இது எல்லா ஊரையும் எடுக்கும்மா.”

“அப்ப மேலேர்ந்து பாத்துனே இருக்கீங்க.” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “அன்னிக்கும் பாத்துனு இருந்தீங்களா? தண்ணி வந்த அன்னிக்கும்?”

அது எப்போதோ ஒரு தடவை அந்த இடத்தைக் கடந்து போகும்போது மட்டும் எடுக்கும், யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்றெல்லாம் விளக்கம் என்னிடம் இருந்தது. வாய்வரை வந்தது. அந்த அம்மாவின் கை இன்னும் பந்தல் மேலேயே இருந்தது.

தோப்புக்குள் அவர் மட்டும் இல்லை, உப்பள வேலைக்கு வந்த வேறு குடும்பங்களும் மரத்தடியில் குடிசை போட்டு இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிழைத்தவர்கள் உப்புக் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார்கள். மீனவர் கணக்கிலும் இல்லை, கிராமத்துக் கணக்கிலும் இல்லை.

வீட்டுத் திட்டத்தைக் கவனித்த அதிகாரியிடம் போனோம். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அசையவில்லை. “சார், பந்தல் வீடு ஆகாது. கூரை எங்க? மரத்துக்குக் கீழ இருந்திச்சின்னு யார் வேணா வந்து சொல்லலாம். நான் எதை வச்சு எழுதறது?”

“நியாயம்தான்” என்றார் சார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜீப்பில் ஏறினோம். திண்டிவனம் ரோடு பிரியும் இடத்தில் சார் என் பக்கம் திரும்பினார். “மேரி, அந்தம்மா வரப்பு மேல எப்படி நடந்து வந்தாங்க பாத்தியா?” என்றார்.

“பாத்தேன் சார்.”

“குறுக்க வரல. ஒரு வழியா வந்தாங்க. வழி இருக்குது அங்க. நீ ஒத்தையடிப் பாதை எதையுமே போடல இல்ல?”

போடவில்லை. எங்களிடம் கேட்டது கூரையும் சாலையும் மட்டும். ஒற்றையடிப் பாதையை யாரும் கேட்டதில்லை. “ஆள் நடக்காம பாதை விழாதும்மா. அத மட்டும் போடு. வேற ஒண்ணும் வேணாம்” என்றார் சார்.

மறுநாள் காலை வைகாசிப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தையும் நிறத்தின் அழுத்தத்தையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். உப்புக் காலோடு நடந்து நடந்து தேய்ந்த தடம் தரையைவிட வெளுப்பாக இருக்கும் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அவற்றை மட்டும் வரைந்தேன்: கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், வேறு எதுவும் கிடையாது. பாத்திகளிலிருந்து கிளம்பின, ஈ.சி.ஆர். தண்ணீர்க் குழாயிலிருந்து கிளம்பின, கடற்கரையிலிருந்து கிளம்பின. எல்லாம் தோப்பின் விளிம்புக்கு வந்து, உள்ளே நுழைந்து பிரிந்து, மரங்களுக்கிடையே தெரிந்தவரை ஓடி, தனித்தனி இடத்தில் முடிந்தன. ஒன்று மட்டும் செவ்வகத்தில் வந்து முடிந்தது. வேலை முடிந்து திரையிலிருந்து தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தபோதுதான் முழுதாகத் தெரிந்தது. நாங்கள் காலி இடம் என்று பச்சை பூசி வைத்திருந்தது ஒரு ஊர்.

அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். சார் அதிகாரியின் மேசையில் விரித்தார். வழக்கம்போல ஓரத்து விளக்கத்தைத் தாளால் மூடினார். அதிகாரி குனிந்து ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தார், அடுத்ததை, அதற்கடுத்ததை. 

“இது முடியற எடத்துலல்லாம்?” என்று நிமிர்ந்தார்.

“தெரியாது சார். குடிசை இருந்திருக்கும்னு நாங்க நெனக்கிறோம். வாங்க, போய்ப் பார்ப்போம்” என்றார் தணிகாசலம் சார்.

ஜி.பி.எஸ். கருவியில் ஒவ்வொரு கோட்டின் முனையையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் தோப்புக்குள் போனோம். செங்கேணியும் கூட வந்தார். கருவி நில் என்ற இடத்தில் நின்று, பாஸ்கர் கொடுத்தனுப்பிய சிறு மண்வெட்டியால் மணலை ஒதுக்கினோம். முதல் இடத்தில் மூன்று அடுப்புக் கல், கரி பிடித்தது. அடுத்த இடத்தில் குடிசையைத் தாங்கிய கவைக் கம்பு, ஒடிந்துபோய் நட்டபடியே. இன்னொரு இடத்தில் பாதி அம்மி. அதிகாரி முதலில் எழுதிக்கொண்டு வந்தார். அம்மி வந்த இடத்தில் பேனாவை மூடிச் சட்டையில் செருகிவிட்டார். “இவ்ளோ பேரு இருந்திருக்காங்க... ஒருத்தர் கூட என்கிட்ட வந்து சொல்லலியே” என்றார்.

“வந்தோங்க. குப்பத்துக்குப் போன்னாங்க. அங்க போனா ஊருக்குப் போன்னாங்க” என்றார் செங்கேணி.

அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. உடனே இல்லை. வெயில் வந்து, மழை வந்து, மறுபடியும் உப்பு விளைந்து, 2006இல்தான் ஈ.சி.ஆருக்கு மேற்கே கட்டிக் கொடுத்தார்கள். தணிகாசலம் சார் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நான் போன் செய்து சொன்னபோது, “எல்லாருக்குமா?” என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாருக்கும் சார் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

அந்த வருடம் ஒரு பகல் வேளையில் செங்கேணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். வெளுத்த புடவை, தலை படிய வாரியிருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். வீடு எப்படி இருக்குது என்று கேட்டேன். “இருக்குதுமா, கூரைல ஓட்ட இல்ல” என்றார். பிறகு கேட்டார்.

“அந்தப் பந்தல இன்னொரு வாட்டி பாக்கலாமா? கம்ப்யூட்டர் பெட்டில கிட்ட கொண்டாந்து காட்டலாம்னு சொன்னாங்க.”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வைகாசிப் படத்தைத் திறந்தேன். தோப்பு வந்தது, செவ்வகம் வந்தது. அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“இன்னும் கிட்ட.”

பெரிதாக்கினேன்.

“இன்னும்.”

செவ்வகம் திரையை நிறைத்தது. ஓரங்கள் படிக்கட்டுபோல் உடைந்தன. அடுத்த தடவை பெரிதாக்கியதும் பந்தலே இல்லை. சிவப்பில் சில கட்டங்கள், நீலத்தில் சில கட்டங்கள், அவ்வளவுதான்.

“இன்னாமா, கட்டம் கட்டமா பூடுச்சி?”

“அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லீங்க.”

“ஆளுங்க?”

“ஆளு தெரியற அளவுக்கு அது எடுக்காதுங்க.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. யாரோ அநியாயமாக ஏதோ சொல்லிவிட்டதுபோல முகத்தில் ஒரு திகைப்பு. விரலை நீட்டி ஒரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டார்.

“மேலேர்ந்து துணி மட்டும்தான் தெரியுது. இதுக்குக் கீழதாம்மா எல்லாரும் இருந்தோம். பந்தி போட்டு சாப்ட்டுனு இருந்தோம்.”